கல்லூரி லேப்டாப் கொள்பொழுது: ஒரு காலவாராய்ச்சி

கல்லூரிக்கு லேப்டாப் எப்போது வாங்குவது என்னும் வினா, மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த அன்று மாலையே பிறக்கிறது. “காலேஜே இன்னும் முடிவாகல, அதுக்குள்ள லேப்டாப்பா?” என்று அப்பா கேட்பது இவ்வாய்வின் பாயிரம். பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது என இரண்டாக வகுத்தது தொல்காப்பியம். இக்கட்டுரையும் அவ்வாறே வகுக்கிறது. தொல்காப்பியத்தைத் தொடாத கட்டுரைக்குக் கருத்தரங்கில் சான்றிதழ் கிடையாது. மதிய உணவு டோக்கனும் ஐயமே.

அ. பெரும்பொழுது

1. முடிவுப் பொழுது: கேட்கலாம், கிடைக்காது.

2. கலந்தாய்வுப் பொழுது: துறை தெரியாமல் லேப்டாப் தேர்வு இல்லை. மெக்கானிக்கல் கிடைத்தால் ஆட்டோகேட் ஓட வேண்டும், பி.காம். என்றால் எக்செல் ஓடினால் போதும் (எதிர்வீட்டு அண்ணன், வாய்மொழி).

3. அரசு தரும் பொழுது: 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம். இதற்கு யாரும் நாள் பார்த்ததாகச் சான்று இல்லை.

4. ஆயுத பூஜைப் பொழுது: டச்பேடில் சந்தனம், அதன்மேல் குங்குமம். மறுநாள் கர்சர் நகராது.

5. தீபாவளிப் பொழுது: போனஸ் வந்தால்.

6. புது மாடல் பொழுது: ‘கொஞ்சம் பொறு, அடுத்த பிராசஸர் வரப்போகுது’ என்பார் கொள்கை. இவர்கள் இதுவரை எதையும் வாங்கியதில்லை.

அண்ணனின் பழையதே போதும் என்பாரும் உளர் (சித்தப்பா, போனில், ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்ற முத்தாய்ப்புடன்). விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதைக் காட்டினால், அதை இடைச்செருகல் என்று தள்ளிவிடுவர். தம் கொள்கைக்கு ஒத்துவராத அடியெல்லாம் இடைச்செருகலே என்பது ஆய்வுலகில் நிலைபெற்ற நெறி.

ஆ. சிறுபொழுது

இனி ஆடிச் சிக்கல். ஆடியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது, தள்ளுபடியோ ஆடியில்தான். அதுவும் ஆன்லைனில் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கும். அப்போது ஆப்புக்கு வெள்ளிக்கிழமை பிறந்துவிட்டது. பஞ்சாங்கத்துக்குச் சூரியன் உதிக்கும்வரை வியாழன். ஆகவே ஒரே லேப்டாப் ஒரே நொடியில் இரு கிழமைகளில் வாங்கப்படுகிறது.

வாங்குதல் என்பது எது? பட்டனை அழுத்துவதே என்பர் அழுத்தல்வாதிகள். ஓடிபி வரும்வரை எதுவும் நிகழவில்லை என்பர் ஓடிபிவாதிகள். பெட்டியைப் பிரிப்பதே வாங்குதல்; ஆடியில் பணம் கட்டி, ஆவணி முதல் தேதி டேப்பைக் கிழித்தால் தோஷம் இல்லை என்பர் பிரித்தல்வாதிகள் (அத்தை, கல்யாணப் பந்தி, இரண்டாம் வரிசை, ரசத்துக்கும் மோருக்கும் இடைப்பட்ட காலம்; சாம்பார் பட்டு மூலம் சிதைவுற்றது).

இம்மூன்றையும் வென்றது நிலைப்படிவாதம். வெள்ளிக்கிழமை பத்தேமுக்காலுக்குக் கொரியர் தம்பி பெட்டியோடு வந்தார். ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு. “தம்பி, அதை உள்ள கொண்டாராத, அப்படியே திண்ணையில வை” என்றார் பாட்டி. பெட்டி திண்ணையில், பெட்டிக்குக் காவலாகத் தாத்தா, தாத்தாவுக்குக் காவலாக ஒரு சொம்பு மோர். நிலைப்படி தாண்டினால்தான் வாங்கியதாகும் என்பது அன்று நிறுவப்பட்டது (பாட்டி, அடுக்களை மரபு, திருத்திய இரண்டாம் பதிப்பு; “திண்ணையும் வீடுதானே” என்ற முதற்பதிப்பு, சென்ற ஆண்டு மிக்ஸி வந்தபோது வெளியாகி, மிக்ஸி பழுதானதும் ஆசிரியராலேயே திரும்பப் பெறப்பட்டது). இக்கூற்றுக்கு மாமா உரை சொன்னார். மாமாவின் உரைக்கு அப்பா உரை சொன்னார். பக்கத்து அறையில் இருந்த பாட்டியிடம் இருவரும் கேட்கவில்லை. மூலத்தைத் தொடாமல் உரைக்கு உரை காண்பது பல்கலைக்கழக வழக்கம் ஆதலின், அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை.

மாணவியின் கருத்தும் கேட்கப்படவில்லை. அவள் முதல் அசைன்மென்டை போனிலேயே தட்டி அனுப்பிவிட்டதாகத் தெரிகிறது. ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டதால் விடப்பட்டது.

முடிவு: துறை உறுதியான பின், முதல் அசைன்மென்டுக்கு முன் வாங்குக. இதை ஒரே வரியில் சொல்லியிருக்கலாமே எனின், ஒரு வரிக்கு முனைவர் பட்டம் கொடுப்பாரில்லை என்க.