தப்பில்லை மாமா

பிள்ளைக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைத்ததும், குலதெய்வத்துக்கு அடுத்தபடியாகத் தகவல் போவது இவருக்குத்தான். குடும்பத்துக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். வேலை பார்ப்பது வங்கியிலோ பொதுப்பணித் துறையிலோ. ஆனாலும் 60,000 ரூபாய்க்குள் ஒரு விண்டோஸ் லேப்டாப் என்றால், இவர் வாய் திறக்காமல் கடைக்காரர் கல்லாவில் பைசா விழாது.

சென்னை ரிச்சி தெருவுக்குள் அக்கா வீட்டுக்காரரையும் அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு நுழைகிறார். முதல் கடையில் வாங்குவதில்லை என்பது கொள்கை. கடைப் பையன் "ஐ5 சார், பதினாறு ஜிபி சார்" என்று ஆரம்பித்தால், கையை உயர்த்தி நிறுத்துவார்.

"அது இருக்கட்டும் தம்பி. கடைசி எழுத்து யூவா, ஹெச்சா?"

பையன் அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். யூ என்றால் கரண்டைச் சிக்கனமாகக் குடிக்கும், பேட்டரி நிற்கும். ஹெச் என்றால் வேகம். கூடவே சூடும் விசிறிச் சத்தமும். அந்தக் காலத்தில் சந்தையில் சுழி பார்த்து மாடு பிடித்தவர்களின் வாரிசு இவர். பக்கத்தில் கிடக்கும் ரைசன் 5 7520யூவையும் விடுவதில்லை.

"ஏழாயிரம் சீரிஸ்னு ஏமாந்துராதீங்க அத்தான். மூணாவது எண்ணைப் பாருங்க. ரெண்டு. அப்படின்னா உள்ள இருக்கிறது ஜென் 2. அது 2019லயே வந்த சரக்கு. ரேமும் போர்டோட பத்தவெச்சிருக்கும், பின்னால கூட்ட முடியாது. இதே 7530யூன்னா ஜென் 3."

சொன்னது அத்தனையும் சரி. இவரைக் கேலி செய்வதில் உள்ள சங்கடமே அதுதான்.

அடுத்து உடல் பரிசோதனை. மூடியை ஒற்றை விரலால் தூக்கிப் பார்ப்பார். கீபோர்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தி, குழிகிறதா என்று கவனிப்பார். திரை 45 சதவீத என்டிஎஸ்சி என்று தெரிந்தால், "இதுல கல்யாண ஆல்பம் பார்த்தா அரக்குப் பட்டு செங்கல் நிறத்துல தெரியும்" என்று தள்ளிவிடுவார்.

512 ஜிபி என்று போட்ட பெட்டிக்குள்ளிருந்து வந்த லேப்டாப், திரையில் 476 என்று காட்டுகிறது. அத்தானுக்குப் பகீரென்றது. "மீதி முப்பத்தாறு எங்கே?" கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது என்று மாமா விளக்கினார். அத்தான் தலையாட்டினார், ஆனால் கடைப் பையனைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. "அந்த முப்பத்தாறுக்கு ஒரு மவுஸாவது குடுப்பா" என்றார்.

இவ்வளவு தெரிந்தவர் தீர்ப்பு சொல்லும்போது மட்டும் மழுப்புவார். காரணம் இருக்கிறது. "அருமை, கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்று ஒருமுறை மனம் திறந்து சொன்னால் போதும், அந்த லேப்டாப் ஆயுசுக்கும் இவருடைய பொறுப்பு. பிரின்டர் வேலை செய்யாது, இவருக்கு போன். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும், இவருக்கு போன். கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் கை நீட்டும்போது எதிர் இலைக்காரர், "நீங்க வாங்கிக் குடுத்தது ஸ்லோவாயிடுச்சே" என்பார். 2025 அக்டோபர் 14இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்தியபோது, துக்கம் விசாரிப்பதுபோல உறவுமுறை முழுக்க இவரைத்தான் அழைத்தது.

அதனால் இப்போதெல்லாம் மூன்றே மதிப்பெண்கள். உயர்ந்த பட்சம், "குடுக்கிற காசுக்குத் தப்பில்லை." அதற்குக் கீழே, "ஓடும்." "உங்க இஷ்டம்" என்றால் கடையை விட்டு இறங்கு என்று பொருள்.

நாலைந்து கடை ஏறி இறங்கி, ஸ்லாட் ஒன்று காலியாக இருக்கிறதா, பதினாறு ஜிபி ஒரே குச்சியா இரண்டா என்றெல்லாம் விசாரித்து முடித்தபின், கடைசியில் ஒன்றின் மேல் கை வைத்தார்.

"எடுத்துரலாமா மச்சான்?"

"குடுக்கிற காசுக்குத் தப்பில்லை."

அத்தான் கார்டை எடுத்தார். அதுவரை போனில் மூழ்கியிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"மாமா, இதுல ரெவிட் சாஃப்ட்வேர் ஓடுமா?"

"நீ என்ன கோர்ஸ்மா?"

"சிவில்."

யாருமே அதைக் கேட்டிருக்கவில்லை. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிராபிக்ஸ் கார்டு தனியாக இல்லாத லேப்டாப்பை இன்னொரு தரம் உற்றுப் பார்த்தார்.

"ஓடும்" என்றார். பையன் மெஷினில் தொகையைத் தட்டினான்.

"ஆனா, உங்க இஷ்டம்."

கார்டு மறுபடி பர்ஸுக்குள் போனது.