பவேரியா பரம்பரையும் பைபாஸ் ரோட்டு பாயும்

பழைய பி.எம்.டபிள்யூ வைத்திருப்பவரிடம் அஞ்சு நிமிஷம் பேச்சுக் கொடுத்தால் போதும். பவேரிய ரத்தம், விமான இன்ஜின் வம்சம், ஜெர்மானிய ஒழுங்கு என்று காரின் ஜாதகத்தையே எடுத்து விரித்துவிடுவார். தோல் வியாபாரத்தில் பழகிய ஆம்பூர்க்காரன் பளபளப்பைப் பார்த்து மயங்கமாட்டான். தோலைத் திருப்பிப் போட்டுச் சதைப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பான். வெட்டுக்காயம் எல்லாம் அங்கேதான் தெரியும். இந்தப் பரம்பரையையும் ஒருமுறை அப்படித் திருப்பிப் போட்டுப் பார்ப்போம்.

ஆதியில் கார்ல் ராப் என்றொருவர் இருந்தார். ம்யூனிக்கில் விமான இன்ஜின் செய்தார். அது ஓடியதைவிட உதறியது அதிகம். பிறகு மாக்ஸ் ஃப்ரிட்ஸ் என்ற இன்ஜினியர் வந்து உதறாத இன்ஜின் ஒன்றை வரைந்து கொடுத்தார். 1917-ல் கம்பெனிப் பெயரிலிருந்து ராப்பைக் கழற்றிவிட்டு, பி.எம்.டபிள்யூ என்று புதுப்பலகை மாட்டினார்கள். பழைய பெயர் கெட்டதால் பிறந்த புதுப்பெயர் அது. ஆம்பூருக்கு இதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. பலகையை மாற்றித் தொழிலைத் தொடரும் வித்தை பாலாற்றங்கரைக்கும் தெரிந்ததுதான்.

முத்திரையில் இருக்கும் நீலமும் வெள்ளையும் பவேரியக் கொடியின் நிறங்கள். அரசுச் சின்னத்தை வியாபார முத்திரையில் போடக்கூடாது என்று சட்டம் இருந்ததால், நிறங்களின் வரிசையை மாற்றிப் போட்டுத் தப்பித்தார்கள். அது சுழலும் விமான விசிறி என்ற கதை 1929-ல் வந்த ஒரு விளம்பரப் படத்திலிருந்து கிளம்பியது. நூறு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் எல்லா ஊர் டீக்கடையிலும் அந்த விசிறி சுற்றிக்கொண்டே இருக்கிறது.

1919 ஜூனில் ஒரு விமானி பி.எம்.டபிள்யூ இன்ஜினோடு 9,760 மீட்டர் உயரத்துக்கு ஏறினார். அதே மாதக் கடைசியில் வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஜெர்மனி விமான இன்ஜின் செய்வதற்கே தடை வந்துவிட்டது. மேகத்துக்கு மேலே பறந்த கம்பெனி தரையிறங்கி, ரயிலுக்குப் பிரேக் செய்து பிழைத்தது. 1923-ல் மோட்டார் சைக்கிள். 1928-ல் ஐசனாக் ஊரில் ஒரு கார் தொழிற்சாலையை விலைக்கு வாங்கியது. அங்கே தயாராகிக்கொண்டிருந்தது 'டிக்ஸி' என்ற குட்டிக் கார். அது இங்கிலாந்தின் ஆஸ்டின் செவனை உரிமம் வாங்கிச் செய்த வண்டி. பத்து வருஷம் முன்புவரை யாரோடு சண்டை போட்டார்களோ, அந்த வெள்ளைக்காரன் வரைந்த 15 குதிரைத் திறன் வண்டிதான் இந்த வம்சத்தின் முதல் கார். பரம்பரை பேசுகிறவர் இந்தப் பக்கத்தை மட்டும் சட்டென்று புரட்டிவிடுவார்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தைக் கேலியாகச் சொல்ல முடியாது. டாகாவ் வதைமுகாமின் கிளையாக இருந்த ஆலாக்கில், கைதிகளைக் கசக்கிப் பிழிந்து விமான இன்ஜின் செய்தார்கள். கம்பெனியின் சதைப்பக்கத்தில் அந்தக் காயம் அப்படியே இருக்கிறது.

போர் முடிந்ததும் ம்யூனிக் ஆலையின் மெஷின்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்ததை வைத்துச் சட்டி பானை செய்தார்கள், சைக்கிள் செய்தார்கள். ஐசனாக் ஆலை ரஷ்யர் வசம் சிக்கிக்கொண்டது. ரஷ்யர்களுக்குக் கூச்சமே கிடையாது, அதே பெயரில், அதே முத்திரையோடு கார் செய்து விற்றார்கள். ம்யூனிக்கில் இருந்த அசல் கம்பெனி சட்டி பானை செய்கிறது. டூப்ளிகேட் கம்பெனி கார் செய்கிறது! வழக்குப் போட்டு ஜெயித்த பிறகு, ஐசனாக்காரர்கள் பி-யை எடுத்துவிட்டு ஈ போட்டு 'ஈ.எம்.டபிள்யூ' ஆனார்கள். நீலத்துக்குப் பதில் சிவப்பு. பிராண்ட் ஷூவுக்கு ஒரெழுத்து மாற்றி விற்கும் நடைபாதைக் கடைக்காரருக்கு முன்னோடி ஒரு கம்யூனிஸ்ட் அரசாங்கம் என்பது பலருக்குத் தெரியாது.

அடுத்து வந்தது 507 என்ற மாடல். அழகென்றால் அப்படி ஓர் அழகு. ராணுவ சேவைக்கு ஜெர்மனி போயிருந்த எல்விஸ் பிரெஸ்லி வெள்ளை நிறத்தில் ஒன்று வைத்திருந்தார். ரசிகைகள் லிப்ஸ்டிக்கால் அதன்மேல் எழுதித் தள்ளியதால், கறை தெரியாமல் இருக்கச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டார். மொத்தமே 250 சொச்சம் கார்கள்தான் செய்தார்கள். விற்ற ஒவ்வொன்றிலும் நஷ்டம்.

அந்த நஷ்டத்துக்கு நடுவே கம்பெனியின் வயிற்றைக் கழுவியது 1955-ல் வந்த இசெட்டா. இத்தாலியில் ஃப்ரிட்ஜ் செய்துகொண்டிருந்த கம்பெனியின் வடிவமைப்பு. ஃப்ரிட்ஜ்காரன் கார் செய்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. கதவு முன்னால். முகப்பைத் திறந்தால் ஸ்டீயரிங்கும் கதவோடு வெளியே வரும். உள்ளே மோட்டார் சைக்கிள் இன்ஜின். சுவரை ஒட்டி மூக்கை இடித்து நிறுத்திவிட்டால் கதவைத் திறக்க வழியில்லை. ஆபத்துக்கு மேற்கூரைத் துணியைப் பிரித்துக்கொண்டு தலையை நீட்ட வேண்டியதுதான். ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. ரிவர்ஸ் கியர் மக்கர் செய்த ஒரு இசெட்டாவை மார்க்கெட் நாளன்று ஆம்பூர் பஜாரில் கற்பனை செய்து பாருங்கள்.

எனக்குப் பிடித்த நாள் 1959 டிசம்பர் 9. கம்பெனி திவாலாகும் நிலை. மெர்சிடிஸ் செய்யும் டைம்லர்-பென்ஸ் வாங்கி விழுங்கிக்கொள்ள ஏற்பாடு முடிந்துவிட்டது. பங்குதாரர் கூட்டம் வெறும் சடங்குதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அங்கே எழுந்தார் எரிக் நோல்ட், டார்ம்ஷ்டாட்டைச் சேர்ந்த நிலக்கரி வியாபாரி. கையில் கொஞ்சம் பங்கு, வாயில் நிறையக் கேள்வி. அவரோடு மாதெர்ன் என்ற வக்கீல். புது 700 மாடலை உருவாக்கிய செலவு மொத்தத்தையும் ஒரே வருஷத்து நஷ்டத்தில் எழுதியிருக்கிறீர்களே, இதென்ன கணக்கு என்று பிடித்துக்கொண்டார்கள். கணக்கில் சந்தேகம் என்றால் பத்து சதவீத ஓட்டு இருந்தாலே கூட்டத்தை ஒத்திவைக்கலாம். ஒத்திவைத்தார்கள். டைம்லர் கொடுத்திருந்த கெடு முடிந்துபோனது. அப்புறம் ஹெர்பர்ட் குவாண்ட் என்ற பணக்காரர் மனம் மாறிப் பங்குகளை வாங்கிக் குவித்தார். இன்றைக்கும் குவாண்ட் குடும்பத்தைத்தான் கும்பிடுகிறார்கள். இந்த பிராண்டைக் காப்பாற்றியது இன்ஜினியர் இல்லை, ரேஸ்காரர் இல்லை. இன்வாய்ஸ் பார்த்துப் பார்த்துக் கண் பழகிய ஒரு கரி மண்டிக்காரர். ஆம்பூரில் அவருக்கு ஒரு சிலை வைத்தால் நான் ஆட்சேபிக்கமாட்டேன்.

பிறகுதான் நல்ல காலம். 1968-ல் வந்த '2002' மாடலின் கதை தமாஷானது. பான்ஷ், ஃபால்கன்ஹவுசன் என்று கம்பெனியின் இரண்டு பெரிய அதிகாரிகள், ஒருவருக்கொருவர் தெரியாமல், சின்ன 1600 காரில் இரண்டு லிட்டர் இன்ஜினைத் திணித்துச் சொந்தத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்களாம். இரண்டு வண்டியும் ஒரே பட்டறையில் நிற்கப்போய்க் குட்டு உடைந்தது. சரி, இதையே விற்கலாமே என்றார்கள். 1973-ல் அதற்கு டர்போ பூட்டி, முன்னால் போகிறவன் கண்ணாடியில் நேராகத் தெரியும்படி பெயரை இடவலம் புரட்டி ஒட்டினார்கள். வழி விடு என்று அர்த்தம். வழி விட்டது யார்? பெட்ரோல்தான் விடவில்லை. அதே வருஷம் எண்ணெய் நெருக்கடி வந்தது, 1,672 வண்டியோடு கடை மூடப்பட்டது.

அந்த 1973 ஆம்பூருக்கும் முக்கியமான வருஷம். அரைகுறையாகப் பதனிட்ட தோலை மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றியது போதும், முடித்த தோலாக, செருப்பாக அனுப்புங்கள் என்று டெல்லி கடிவாளம் போட்டது. முதலில் முனகினார்கள், பிறகு ஷூ தைக்கக் கற்றுக்கொண்டார்கள். ஷூவை வாங்க ஜெர்மன் பையர் வந்தார். டுசல்டார்ஃப் காலணிக் கண்காட்சிக்கு ஆம்பூர் முதலாளிகள் போனார்கள். திரும்பி வரும்போது சூட்கேசில் ஆர்டரும், மனசில் ஒரு காரும் இருந்தது.

ஐரோப்பியத் தளவாடம் 1749-லேயே ஆம்பூருக்குப் போர் செய்ய வந்திருக்கிறது, பிரெஞ்சுப் பட்டாளத்தோடு. ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் யானை மேல் உட்கார்ந்தபடியே அந்தப் போரில் மாண்டார். வெளிநாட்டு மெஷின் என்றாலே கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும் புத்தி ஊருக்கு அப்போதே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இந்தப் பக்கத்தில் பழைய பி.எம்.டபிள்யூ வாங்குகிறவர் பெரும்பாலும் தொண்ணூறுகளின் இ36 மாடலில்தான் விழுவார். விலை ஒரு புது மாருதியைவிடக் குறைவு, பந்தாவோ பத்து மடங்கு. வாங்கிய முதல் கோடையில் திருப்பத்தூர் மாவட்டத்து வெயில் தன் வேலையைக் காட்டும். கூரைத் துணி பசை விட்டுத் தொங்கி உச்சந்தலையைத் தடவும். கதவின் உள்பக்க விரிப்பு ஓரத்தில் உரிய ஆரம்பிக்கும். க்ளவ் பாக்ஸ் ஒரு பக்கமாகச் சாயும். உலகம் முழுக்க இ36 வைத்திருப்பவர்கள் சொல்லும் புலம்பல்தான் இது. ஆனால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத வைத்தியம் ஆம்பூரில் இருக்கிறது: பசை ஒட்டுவதையே பிழைப்பாகக் கொண்ட ஊர் இது.

ஷூ கம்பெனியில் அப்பர் செக்ஷனில் வேலை பார்க்கும் ஒரு அக்கா அந்தக் கதவை ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய பசையை முதலில் சுரண்டினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைத்தார். இரண்டு பக்கமும் பிரஷ்ஷால் சொல்யூஷன் மெல்லிசாக இழுத்தார். உடனே ஒட்டவில்லை. விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். விரலோடு நூல் இழுப்பது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும், நூல் இழுக்காமல் விரலைப் பிடித்தால்தான் பதம். ஹேர் டிரையரால் ஒரு சூடு காட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்று போகிற மாதிரி உள்ளங்கையால் நீவி, ஓரத்தை மடித்துச் சின்னச் சுத்தியால் தட்டினார். முடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "இது ஜெர்மன்காரன் ஒட்டுனதா சார்? நாங்க ஷூவில இப்படி விட்டிருந்தா, கன்டெய்னரையே திருப்பி அனுப்பியிருப்பானே!"

சீட்டு விஷயம் இன்னும் மோசம். தோலூரில் தோல் சீட்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தால், முதலில் கிள்ளிப் பார்ப்பார்கள், அப்புறம் மோந்து பார்ப்பார்கள். பல பழைய பி.எம்.டபிள்யூக்களில் இருப்பது தோல் மாதிரி. அதாவது ரெக்சினுக்கு அண்ணன். சரி, நாமே நிஜத் தோல் போடுவோம் என்று கிளம்புகிறவருக்கு அடுத்த பாடம். இங்கே சல்லிசாகக் கிடைப்பது ஆட்டுத்தோல். ஒரு தோல் ஐந்தாறு சதுர அடியைத் தாண்டாது. ஒரு சீட்டை மூட நாலைந்து ஆடு ஒத்துப்போக வேண்டும், நிறத்திலும் சேர்த்து.

மெக்கானிக் விஷயத்துக்கு வருவோம். பைபாஸ் ரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் பாய் இருக்கிறார். அம்பாசடரில் தொழில் கற்றவர். பி.எம்.டபிள்யூ பானெட்டை முதன்முதலாகத் திறந்தபோது நட்சத்திர வடிவ போல்ட்டுகளைப் பார்த்து, "ஸ்பேனர் போகாம இருக்கறதுக்குன்னே பண்ணிருக்கான் தம்பி" என்றார். மறுவாரம் அதற்கான சாக்கெட் செட்டை பெங்களூரிலிருந்து வரவழைத்துவிட்டார். உதிரிபாகம் சென்னை புதுப்பேட்டையிலிருந்து பார்சலில் வரும். இரண்டு ஊருக்கும் நடுவே உட்கார்ந்திருப்பதில் ஆம்பூருக்கு உள்ள ஒரே வாகன லாபம் அதுதான்.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது: இன்ஜின் சாகாது, பிளாஸ்டிக் சாகும். ஆறு சிலிண்டர் இ36-களில் வாட்டர் பம்ப்பின் உள்விசிறிகூட பிளாஸ்டிக்கில் வந்தது. தெர்மோஸ்டாட் மூடி பிளாஸ்டிக், கூலன்ட் டாங்கி பிளாஸ்டிக். சூட்டில் இறுகி, ஒருநாள் பிஸ்கட்டாக நொறுங்கும். அதுவரை இரும்பாய் இருந்த இன்ஜின், தண்ணீர் இல்லாமல் பத்து நிமிஷம் ஓடினால் ஹெட் வளைந்துவிடும். அதனால் வண்டி வாங்கிய கையோடு தண்ணீர் ஓடும் பாதை முழுவதையும் மாற்றிவிடு, மியூசிக் சிஸ்டம் அப்புறம் பார்க்கலாம் என்பார். அவசரத்துக்குக்கூட ரேடியேட்டரில் ஊர் போர் தண்ணீரை ஊற்றவிடமாட்டார். "இந்தத் தண்ணிக்கு 1996-லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு தம்பி" என்பார். தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று வந்த தீர்ப்பு அது. மனிதர் சட்டத்தை ரேடியேட்டர் வரை கொண்டுவந்துவிட்டார்.

இவ்வளவு இம்சை எதற்கு என்று கேட்பவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஏலகிரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் பெயர்கள். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் எந்த ஜல்லியை மிதிக்கிறது என்பது வரை கைக்கு வரும். பின்சக்கரம் தள்ள, முன்சக்கரம் திருப்ப, ஆளுக்கொரு வேலை. ஆறு சிலிண்டரும் நாலாயிரம் சுற்றைத் தாண்டும்போது ஒரு முழக்கம் எழும். இதில் நான் கேலி செய்ய ஒன்றுமில்லை. கரி வியாபாரி அன்று கையைத் தூக்கியது வீண் போகவில்லை.

பரம்பரைவாதிகளை நிஜமாகவே நோகடித்தது 2007 மார்ச். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் பி.எம்.டபிள்யூ ஆலை திறந்தது. செங்கல்பட்டு ஆள் பூட்டிய வண்டியா என்று சிலர் முகம் சுளித்தார்கள். 2015-ல் இன்னொரு அடி: இன்ஜினை இங்கேயே பூட்டித் தரும் பொறுப்பு ஃபோர்ஸ் மோட்டார்ஸுக்குப் போனது. அதாவது பழைய பஜாஜ் டெம்போ. கல்யாணக் கூட்டத்தை அடைத்துக்கொண்டு போன மெட்டடார் வேன் செய்த அதே கம்பெனி. அந்த வருஷம் சச்சின் டெண்டுல்கரே ஆலைக்கு வந்து இன்ஜின் பொருத்தும் வேலையில் கை வைத்தார். ஆஸ்டினிடம் கடன், ஃப்ரிட்ஜ்காரனிடம் கடன், இப்போது டெம்போக்காரரிடம் கூலி வேலை. குடும்ப வழக்கம் மாறவில்லை.

அரசாங்கத்துக்கு மட்டும் பரம்பரையில் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. 20 வருஷம் தாண்டிய உள்ளூர்க் காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 10,000 ரூபாய். இறக்குமதிக் காருக்கு 80,000. 2025 ஆகஸ்டில் வந்த கட்டணம். 50 வருஷம் ஆகிவிட்டால் வின்டேஜ் என்று தனி நம்பர் வாங்கிக்கொள்ளலாம், பதிவுக்கு 20,000தான். ஆனால் அதைத் தினமும் ரோட்டில் ஓட்டக்கூடாது. 1996 மாடல் இ36 வைத்திருக்கும் ஒருவர் பட்டறையில் உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். 2046-ல் நம்ம வண்டி வின்டேஜ் ஆயிடும் பாய் என்றார்.

பாய் வாட்டர் பம்ப்பிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "ஆவட்டும் தம்பி. அதுக்குள்ள இது இன்னும் ஆறு பம்ப் தின்னும். இன்னைக்கு இதுக்குக் காசு குடுங்க."