நாள் குறிப்பவர்

பெரிய நிறுவனங்களின் ஸ்டோரேஜ் பெட்டிகளுக்குப் புதிய மென்பொருளை எந்த நாளில், எத்தனை மணிக்கு ஏற்றுவது என்று முடிவுசெய்பவருக்கு ஸ்டோரேஜ் அட்மின் என்று பெயர். ஏற்றுவது ஓர் இரவு வேலை. நாள் குறிப்பதற்கு மீதி ஆண்டு போதாது. வங்கிக் கணக்குகளும் மருத்துவமனையின் ஸ்கேன் படங்களும் குடியிருக்கும் பெட்டி அம்பத்தூரிலோ சிறுசேரியிலோ நவி மும்பையிலோ குளிரூட்டிய கூடத்தில் நிற்கும். பெட்டியைக் காப்பவர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டியதில்லை என்பது 2020 பொதுமுடக்கத்தில் நிரூபணமாகிவிட்டதால், இந்த இனம் இப்போது காரைக்காலை ஒட்டிய தருமபுரத்திலும் காணப்படுகிறது. (ஆதீனம் இருக்கும் தருமபுரம் மயிலாடுதுறையில் இருக்கிறது, தருமபுரி வேறு மாவட்டம். கூரியர்காரரிடம் இதை விளக்குவதும் இவருடைய அன்றாடப் பணிகளில் ஒன்று.)

இவரை அடையாளம் காண்பது எளிது. மாடி அறை, இரண்டு திரை, இரண்டு இன்டர்நெட் இணைப்பு, இன்வெர்ட்டர், சுவரில் தினசரி காலண்டர். பகலில் தூங்குவார்; இரவில் பேசுவார். அக்கம்பக்கத்தில் கேட்டால் "ஏதோ கம்ப்யூட்டர் வேலையாம், ஆனா எப்பவும் வேணாம் வேணாம்னே சொல்லிக்கிட்டிருப்பாரு" என்பார்கள். அதைவிடச் சரியான பணி விளக்கம் அவருடைய நிறுவனத்திலும் இல்லை.

நாள் குறிப்பது ஆகாத நாட்களை அடிப்பதில் தொடங்குகிறது. மாதக் கடைசி ஆகாது, கணக்கு முடிப்பு. முதல் தேதி ஆகாது, சம்பளம். இருபதாம் தேதியை ஒட்டி ஜிஎஸ்டி படிவம். மார்ச் முழுக்க ஆண்டுக் கணக்கு. தீபாவளிக்கு முன் ஆன்லைன் விற்பனை. அதற்குப் பின் புயல். 2018 நவம்பரில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியதைப் பார்த்தவர் யாரும் ஐப்பசி, கார்த்திகையில் மின்சாரத்தை நம்பிப் பெட்டியைத் தொடமாட்டார். டிசம்பர் கடைசியில், பெட்டியை விற்ற வெண்டாரின் நிபுணர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் போய்விடுவார்கள். ஆனியில் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா. வீடு நிறைய உறவினர். நாள் கேட்கும் விண்ணப்பத்தில் திருவிழா என்று எழுத முடியாதாகையால் 'ஆள் பற்றாக்குறை' என்று எழுதுவார். உண்மையும் அதுதான், மாங்கனி இறைக்கும் கூட்டத்தில் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

மிஞ்சும் நாட்களிலும் வெள்ளிக்கிழமை கூடாது என்பது இத்தொழிலின் பழைய விதி. வெள்ளியன்று எதையாவது உடைத்தால் சனியும் ஞாயிறும் அதோடு போகும். சனிக்கிழமை இரவுதான் உத்தமம். ஆனால் இந்தியாவின் சனி இரவு அமெரிக்கக் கிளையின் சனி காலை. அங்கே யாரோ ஒருவர் அன்றைக்கென்று வேலை செய்துகொண்டிருப்பார்.

முன்பு இரவு என்று ஒன்று இருந்தது. வங்கிகள் மாலையில் கடை கட்டிய பிறகு கணினி சும்மா கிடக்கும் நேரம் அது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடத் தொடங்கியது; 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ். யுபிஐ எப்போதுமே தூங்கியதில்லை. நள்ளிரவில் டீக்கடைக்குப் பன்னிரண்டு ரூபாய் அனுப்புகிறவர் இருக்கும்வரை பராமரிப்புக்கு நேரம் ஏது? 2024 ஜூலை 13 அன்று எச்டிஎஃப்சி வங்கி தன் மையக் கணினி அமைப்பைப் புதிய தளத்துக்கு மாற்ற அதிகாலை 3 மணி முதல் மாலை 4.30 வரை என்று முன்கூட்டியே அறிவித்தது. அது இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. பதின்மூன்றரை மணி நேரம் கேட்டு வாங்கிய அந்த முகமறியாத நாள் குறிப்பவரை நம்மவர் இன்றும் பெருமூச்சோடு நினைத்துக்கொள்வார். இவருக்கு நான்கு மணி நேரம் கிடைத்தாலே மேலாளர் ஏதோ சொத்தை எழுதிக்கொடுத்தவர்போல் பேசுவார்.

அடுத்த சிக்கல், எந்தப் பதிப்பை ஏற்றுவது. வெண்டார்கள் ஒரு மென்பொருளை வெளியிடும் நாள் ஒன்று. 'இதையே பரிந்துரைக்கிறோம்' என்று சொல்லும் நாள் வேறொன்று. இடையில் மாதங்கள் கழியும். தருமபுரத்துக்காரருக்கு இது புதிதல்ல. திருக்கணித பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29 அன்று சனி மீனத்துக்குப் பெயர்ந்துவிட்டார். சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருநள்ளாறு கோயிலோ, வாக்கிய பஞ்சாங்கமே தங்கள் வழக்கம், பெயர்ச்சி 2026இல்தான் என்று அறிவித்துவிட்டது. நம்மவர் இந்த விஷயத்தில் கோயில் கட்சி. புள்ளிக்குப் பிறகு சுழியம் இருக்கும் பதிப்பைக் கையால் தொடமாட்டார். யாராவது ஏற்றட்டும், அழட்டும், வெண்டார் திருத்தட்டும். நாலைந்து திருத்தம் கண்ட பிறகு பார்க்கலாம் என்பது கொள்கை. உலகெங்கும் எல்லா அட்மின்களும் இதே கொள்கையோடு காத்திருந்தால் முதலில் அழுவது யார் என்ற கேள்வியை மட்டும் இவரிடம் கேட்கக் கூடாது.

பெட்டியின் உள்ளமைப்பு தெரிந்தால் இந்தத் தயக்கத்தின் நியாயம் புரியும். உள்ளே இரண்டு கண்ட்ரோலர்கள் இருக்கும். ஒன்றை நிறுத்தி மென்பொருளை ஏற்றும்போது மற்றது இருவர் சுமையையும் தாங்கும். பிறகு முறை மாறும். இதைத்தான் விற்பனையாளர் 'டவுன்டைமே கிடையாது சார்' என்கிறார். இரண்டும் ஐம்பது விழுக்காட்டுக்குக் கீழே ஓடினால் அது மெய். அறுபது அறுபதாக ஓடினால் ஒன்றின் தலையில் நூற்றிருபது விழும். மேலும், ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இரண்டு கண்ட்ரோலருக்கும் தனித்தனிப் பாதை இருக்கவேண்டும். நானூறு சர்வர் இருந்தால் அதில் எவரோ அவசரத்தில் ஒற்றைக் கேபிளோடு விட்டுப்போன ஒன்று நிச்சயம் இருக்கும். அது சம்பளம் போடும் சர்வராகத்தான் இருக்கும்.

தாங்குமா என்பதை இவருக்கு ஊரே சொல்லிக்கொடுத்திருக்கிறது. தருமபுரத்துச் சிவனுக்கு யாழ்மூரிநாதர் என்று பெயர். தம் யாழால்தான் சம்பந்தரின் பதிகத்துக்குப் பெருமை என்று உறவினர் பேசியதைக் கேட்டுக் கூசிய திருநீலகண்ட யாழ்ப்பாணர், யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடும்படி சம்பந்தரை வேண்டினார். அவரும் பாட, வாசிக்க முடியாமல் யாழ்ப்பாணர் யாழையே உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார் என்பது தலவரலாறு. தானே கேட்டு வாங்கிய லோடு டெஸ்ட்டில் கருவி தோற்றதைப் பாட்டின் மேல் பழி போடாமல் ஒத்துக்கொண்டவர் என்று யாழ்ப்பாணர்மேல் இவருக்குத் தனி மரியாதை. அப்படி ஒத்துக்கொள்ளும் வெண்டாரை இவர் இன்னும் சந்திக்கவில்லை.

தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. மிகப் பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு நேரே தாவ முடியாது. நடுவில் ஒன்றிரண்டு பதிப்புகளில் கால் வைத்துத்தான் ஏறவேண்டும். சர்வரின் கார்டுக்கான டிரைவர், இடையிலுள்ள ஸ்விட்சின் மென்பொருள் மாறட்டும் என்று காத்திருக்கும். ஸ்விட்ச், பெட்டி மாறட்டும் என்று காத்திருக்கும். பெட்டி டிரைவரைக் கைகாட்டும். இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டவர் ஓர் இரவுக்குப் பதில் மூன்று இரவு கேட்கவேண்டிவரும். கேட்கும் முகம் அப்போது அவரிடம் இருக்காது.

இந்த இனத்தின் நம்பிக்கையையே உலுக்கியது 2019 நவம்பர். எச்பிஇ நிறுவனம் தன் எஸ்எஸ்டி டிஸ்க்குகள் சிலவற்றின் ஃபர்ம்வேரில் ஒரு கோளாறு இருப்பதாக எச்சரித்தது. டிஸ்க் ஓடத் தொடங்கி 32,768 மணி நேரம் ஆனதும் செத்துவிடும். டிஸ்க்கும் மீளாது, தரவும் மீளாது. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி. குறியுடன் கூடிய 16 பிட் எண்ணின் உச்சம் 32,767 என்பதை அறிந்தவர்கள் அடுத்த மணியில் என்ன நடக்கும் என்பதை நொடியில் புரிந்துகொண்டார்கள். ஒரு டிஸ்க் போனால் மற்றவை காப்பாற்றும் என்பதுதான் ரெய்டு ஏற்பாடு. ஆனால் ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் மாட்டியவை ஒரே மணியில் போகுமே! 2020 மார்ச்சில் இன்னொரு எச்சரிக்கை வந்தது. வேறு சில டிஸ்க்குகள், இந்தமுறை 40,000 மணி. 4 ஆண்டு, 206 நாள், 16 மணி. சாவு நேரத்தைப் பிறப்பிலேயே எழுதிக்கொண்டு வந்த பொருளிடம் மார்ச் கணக்கு முடியட்டும் என்று சொல்லமுடியாது. ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதே என்று வாழ்நாள் முழுக்க ஓதியவர்கள் அந்த வாரம் ஒவ்வொரு டிஸ்க்கின் வயதையும் மணிக்கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனாலும் பழைய கொள்கை அழியவில்லை, ஏனென்றால் மறுபக்கத்துக்கும் சான்று கிடைத்துவிட்டது. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்றைத் திருத்தி ஏற்றினார்கள். பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதியதை வைத்ததால், பாதியிலிருந்து புதிய வரிகள் படிக்கப்பட்டு, பழைய பதிவுகளை அழிக்கவேண்டிய கட்டளை ஆராய்ச்சிக் கோப்புகளையே அழித்தது. ஏறத்தாழ 77 டெராபைட், 3.4 கோடி கோப்புகள். காப்பதற்கென்று இருந்த மென்பொருளே செய்த வேலை இது. குறித்த நாளுக்கு அனுமதி தரும் அப்ரூவல் கூட்டத்தில் இவர் இரண்டு கதைகளையும் சட்டைப்பையில் வைத்திருப்பார். மேலாளர் "சீக்கிரம் பண்ணிடலாமே சார்?" என்றால் கியோட்டோ. "அடுத்த குவார்ட்டர் பார்ப்போமே" என்றால் 32,768.

இப்படியே குறித்த நாளும் ஒருநாள் வந்துவிடும். சனிக்கிழமை இரவு பதினொரு மணி. அம்மா காலண்டரைப் பார்த்து, ராகு காலம் காலையிலேயே போய்விட்டது என்று ஆறுதல் சொல்லிவிட்டுத் தூங்கப்போவார். பகுத்தறிவாளரான இவர் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்பார். ஆனால் பதினொன்றுக்கு முன்னால் ஒரு பொத்தானையும் அழுத்தமாட்டார். ஃபோனில் பெங்களூரிலிருந்து வெண்டாரின் எஞ்சினியர் "ஹெல்த் செக் பாஸ் சார்" என்பார். முதல் கண்ட்ரோலர் போய்த் திரும்பிவரும்வரை இருவரும் பேசமாட்டார்கள். வந்ததும் கிரிக்கெட் பேசுவார்கள்.

எல்லாம் சரியாக முடிந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. அதுதான் வெற்றிக்கு அடையாளம். திங்களன்று மூன்றாம் மாடிப் பிரிண்டர் ஓடாததற்கும், ஒருவர் தன் பாஸ்வேர்டை மறந்ததற்கும், பெட்டி மாறியதுதான் காரணம் என்று டிக்கெட்டுகள் வரும். புதன் வரை அவற்றுக்குப் பதில் எழுதுவார். கண்விழித்த இரவுக்காக நிறுவனம் ஒரு நாள் ஈடுசெய் விடுப்பு தருகிறது. அந்தக் காலாண்டுக்குள் எடுத்துக்கொள்ளவேண்டும். எந்த நாளில் எடுப்பது என்று இவர் யோசித்து முடிப்பதற்குள் அது காலாவதியாகிவிடும்.