லாரியின் முதல் நிறம்: கேள்வி – பதில்

அண்ணாச்சி, அப்பா ஓட்டிய பழைய டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரியைப் புதுப்பிக்கப் போகிறேன். முதலில் நீலம் என்கிறார் பெரியப்பா, சிவப்பு என்கிறார் அம்மா. யாரை நம்ப? (மேலகரம்)

லாரியை நம்புங்கள். எஃப்.சி.க்குப் போகும்போதெல்லாம் ஒரு கோட்டிங் வாங்கிய வண்டி அது. பழைய நிறங்கள் எங்கும் போய்விடவில்லை, அடியில்தான் இருக்கின்றன. பானெட் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடம் பாருங்கள். 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து வட்டமாகத் தேயுங்கள். தகரம் தெரிந்ததும் நிறுத்தி, 800, 1200 என்று மென்மையான பேப்பருக்கு மாறுங்கள். வெட்டிய வெங்காயம்போல வளையம் வளையமாக நிறங்கள் விரியும். நடுவில் தகரம், அதையொட்டி ரெட் ஆக்சைடு பிரைமர், அதற்கு மேல் வரும் முதல் நிறம்தான் நீங்கள் தேடுவது. இடையில் சாம்பல் வளையம் வந்தால் ஏமாந்துவிடாதீர்கள், அது பட்டியாகவோ சர்ஃபேசராகவோ இருக்கும்.

ஒரே இடத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதவும் கூடாது. கதவு வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம். சேஸிஸ் எண் தகட்டின் அடி, டேஷ்போர்டின் பின்பக்கம், கண்ணாடி ரப்பர் பீடிங்கின் அடி, கதவுக் கீலின் உள்மடிப்பு: பெயின்டரின் கன் எட்டாத இந்த இடங்களையும் பாருங்கள். மூன்று இடங்கள் ஒரே நிறத்தைச் சொன்னால் பெரியப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டலாம்.

பானெட்டின் அடியில் ஒரு நிறம், கேபினின் அடியில் வேறு நிறம் கிடைக்கிறது. எது ஒரிஜினல்? (இலஞ்சி)

இரண்டும்தான். நம் ஊர் லாரியை அமெரிக்க லாரிபோல நினைப்பதால் வரும் குழப்பம் இது. டாடா 1954-இல் டைம்லர் பென்ஸுடன் கைகோத்து ஜாம்ஷெட்பூரில் செய்த வண்டியானாலும் சரி, 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய எண்ணூர்த் தொழிற்சாலையின் வண்டியானாலும் சரி, பெரும்பாலும் சேஸிஸும் முன்முகமுமாகத்தான் வெளியே வந்தன. கேபினையும் பின்பாடியையும் உள்ளூர்ப் பட்டறையில் மரத்தால் கட்டினார்கள். ஆகவே பானெட்டில் இருப்பது தொழிற்சாலையின் நிறம், கேபினில் இருப்பது பட்டறைக்காரர் அடித்த நிறம். பல முதலாளிகள் பாடி முடிந்ததும் பானெட்டையும் சேர்த்து ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

கம்பெனி நிறம் மட்டுமே அசல் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பாடி கட்டிய ஆசாரிக்கும், பக்கப் பலகையில் தாமரை வரைந்த பெயின்டருக்கும் அது பெரிய அநியாயம். வண்டி முதன்முதலில் சரக்கேற்றிப் புளியரை தாண்டி ஆரியங்காவுக் கணவாயில் ஏறிய நாளில் எப்படி இருந்ததோ, அதுவே நம் லாரியின் அசல் என்பது என் கட்சி. எந்த ஆண்டின் தோற்றம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு ஒரு வருஷத்துப் பானெட்டையும் இன்னொரு வருஷத்துக் கேபினையும் கலக்காதீர்கள்.

செவ்ரலே லாரி, 1950 மாடல். நிறம்? (ஆய்க்குடி)

1947-இல் வந்த அந்த வரிசைக்கு அமெரிக்காவில் வழக்கமான நிறம் ஃபாரஸ்டர் கிரீன், அடர்ந்த காட்டுப் பச்சை. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதலே பம்பாயில் வண்டிகளை இணைத்து விற்றது. அதனால் அமெரிக்கக் கேட்டலாக்கைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சாட்சி உங்கள் தகரம்தான்.

தாத்தா லாரியோடு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் கலர் ஏற்றித் தருகிறார்களே? (செங்கோட்டை)

அது கம்ப்யூட்டரின் ஊகம். கறுப்பு வெள்ளையில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக நிற்கக்கூடும். ஆர்த்தோகுரோமாட்டிக் என்ற பழைய வகை ஃபிலிம் சிவப்பை உணராது, அதில் சிவப்பு வண்டி கறுப்பாக விழும். படத்திலிருந்து கோடு எங்கே ஓடியது, பெயர் எந்த எழுத்தில் இருந்தது, பம்பர் இருநிறமா என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அவை தங்கமான தகவல்கள். பழைய ஆர்.சி. புத்தகத்தில் நிறத்துக்கென ஓர் இடம் உண்டு, அதையும் தேடுங்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை நம் மாநிலத்தோடு இல்லை என்பதால், அதற்கு முந்திய வண்டியென்றால் காகிதம் மலையாளக் கரையில் கிடைக்கலாம்.

அடியில் எல்லா இடத்திலும் காய்ந்த இலைப் பழுப்பு. அதுவா அசல்? (சுரண்டை)

பெரும்பாலும் இல்லை, அது பெர்மிட்டின் நிறம். நேஷனல் பெர்மிட் லாரிக்குக் காய்ந்த இலைப் பழுப்பும் 30 செ.மீ. அகல வெள்ளைக் கரையும் வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 90-ஆம் விதி முன்பு சொன்னது. இன்னும் கொஞ்சம் தேயுங்கள்.

ராணுவ டிஸ்போசலில் வந்த வண்டி. ஆலிவ் பச்சைதான் அசல், அடிக்கலாமா? (கடையநல்லூர்)

கூடாது. அதே விதிகளின் 121-ஆம் விதிப்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே. கிடைத்த நிறத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, வேறு நிறத்துக்குப் போங்கள்.

கிளவ் பாக்ஸுக்குள் ஒரு கிரீம் நிறம், வெளியே வேறு கிரீம். மிக்ஸிங் கடையில் எதைக் கொடுக்க? (பாவூர்சத்திரம்)

நல்ல கேள்வி. பழைய சிந்தெடிக் எனாமலில் எண்ணெய் உண்டு. இருட்டில் கிடந்தால் அது மஞ்சளடிக்கும், வெள்ளையிலும் கிரீமிலும் அது நன்றாகத் தெரியும். வெளிப்பக்கமோ வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்புபோலப் பொடியும். இரண்டுமே பாதி உண்மை. உள்பக்கத் தகட்டைக் கழற்றிச் சில நாள் வெயிலில் வையுங்கள், மஞ்சள் ஓரளவு இறங்கும். வெளியே ரப்பிங் காம்பவுண்டு போட்டுப் பொடிந்த மேல்தோலை எடுங்கள். இப்போது இரண்டும் நெருங்கி வரும்.

கடையில் மெஷின் தரும் கலவையை நேரே வண்டியில் அடிக்காதீர்கள். ஒரு தகரத் துண்டில் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் உச்சி வெயிலிலும் டியூப்லைட்டிலும் பழைய நிறத்தோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். நிறமிகள் வேறானால் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போவது இன்னொன்றில் காட்டிக்கொடுக்கும். பி.ஐ.எஸ். வெளியிட்டிருக்கும் ஐ.எஸ். 5 வண்ண அட்டையோடும் ஒப்பிடுங்கள். நம் நாட்டு எனாமல்கள் பலவற்றின் பெயரும் எண்ணும் அதில் உண்டு.

பழைய பெயின்ட்டை புளோ லேம்ப் வைத்து எரித்தால் வேலை சீக்கிரம் முடியுமே? (ஆலங்குளம்)

எரிக்கவே எரிக்காதீர்கள். அந்தக் காலத்து மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் உண்டு. புகையாகவும் தூசியாகவும் அது நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் விட்டுத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், பட்டறைக்குள் பிள்ளைகளை விடாதீர்கள்.

சீசனில் லீவு கிடைக்கிறது. அப்போதே பெயின்ட் அடித்துவிடலாமா? (குற்றாலம்)

சாரலில் அருவிக்குப் போங்கள், பெயின்ட் வேண்டாம். டியூக்கோ அடிக்கும்போது தின்னர் வேகமாக ஆவியாகித் தகரத்தைக் குளிர்விக்கும். காற்றில் உள்ள ஈரம் அங்கே படிந்து வெள்ளை பூத்துவிடும். மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பி.யூ. பெயின்ட் அடித்தால் பளபளவென்று இருக்காதா? (வாசுதேவநல்லூர்)

இருக்கும். அந்தப் பளபளப்பு 1960-இல் எந்த லாரியிலும் இருந்ததில்லை.

குற்றாலம் சித்திர சபையைப் பார்க்கும்போது உங்களுக்கு லாரி ஞாபகம் வருமா? (தென்காசி)

வரும். ஐந்து சபைகளில் இங்கே மட்டும் நடராசரை ஓவியமாகவே வணங்குகிறோம், நிறமே மூர்த்தி. சுவரில் புதுப் பெயின்ட்டை ஏற்றுவதற்கு முன்னால் பழையதைப் படித்தாக வேண்டும் என்பதில் கோயிலுக்கும் லாரிக்கும் வேறுபாடு பார்க்க மாட்டேன். எந்த வேலை எடுத்தாலும் உள்ளங்கை அளவுக்காவது பழைய பெயின்ட்டைத் தொடாமல் விட்டுவைக்கச் சொல்வேன். அடுத்து வருகிறவர் நம் கணிப்பைச் சரிபார்க்க அதுதான் ஆதாரம்.

கண்டுபிடித்த நிறம் சிவப்பு, ஆர்.சி.யில் நீலம். அடித்துவிட்டால்? (காசிமேஜர்புரம்)

அடிப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். நிறமாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றியபிறகு கன்னைக் கையிலெடுங்கள். தேய்த்தெடுத்த வளையத்தின் படத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.