துருவுக்கு ஒரு சிம்மாசனம்

1960-இல் பிறந்து, ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்களை ஊரெங்கும் புகைய விட்டு, 1996-இல் கண்மூடிய மைசூர் ஐடியல் ஜாவா ஆலை, இயங்கிய காலத்தில் தொழிலாளிக்குச் சோறு மட்டுமே போட்டதென்றும், அருங்காட்சியகமாக இருந்திருந்தால் ஞானத்தையே பரிமாறியிருக்குமென்றும், ஹெப்பாள் தொழிற்பேட்டைத் தேநீர்க் கடையில் ஒரு கலா விமர்சகர் உபதேசித்தருளினார். நிமிர்த்தி உதைத்தால் கிக்கராகவும், மடக்கி மிதித்தால் கியராகவும் இரட்டை உத்தியோகம் பார்த்த அந்த ஒற்றை நெம்புகோலைக் கண்ணாடிப் பேழையில் வைத்து, 'உழைப்பின் மௌனம்' என்று பலகை மாட்டுவதே சிருஷ்டிபூர்வமான ஆராய்ச்சியாம். என்ன உன்னதம்! இத்தத்துவப்படி, ஹெப்பாளில் இன்னும் பிடிவாதமாக ஓடிக்கொண்டிருக்கும் பட்டறைகளையும் இழுத்து மூடிவிட்டால், பாரம்பரியத்துக்குப் பஞ்சமே இராது. விளக்கம் சொல்லப் பழைய ஃபிட்டர் ஒருவரை அமர்த்தலாமே என்றேன். "ஐயையோ, அந்த மனிதர் ஒரே உதையில் வண்டியைக் கிளப்பிவிடுகிறார்!" என்று பதறினார்.