மாநாட்டுக்கு ஊர் பார்த்தல்: ஜோகுபாளையத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்: தொழில்நுட்பச் சமூகத்தார் ஆண்டுதோறும் எங்காவது கூடுகிறார்கள். எங்கே கூடுவது என்பதற்கு இன்றுவரை வாய்பாடு கிடையாது. இக்குறை தீர, கல்யாணத்துக்குப் பார்ப்பதுபோல் பொருத்தம் பார்த்தோம்.

1. தட்பவெப்பப் பொருத்தம்: பைத்தான் நிரலாளர்கள் கூடும் பைக்கான் மாநாடு இந்தியாவில் முதன்முறையாக 2009 செப்டம்பரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடந்தது. குளிர்ச்சியே காரணம் என்பர் ஒரு சாரார். அப்படியானால் தமிழ் இணைய மாநாடு 2001, 2013 என இருமுறை கோலாலம்பூரில் போய் வியர்த்தது ஏன் என்பதற்கு அவர்களிடம் பதிலில்லை.

2. உணவுப் பொருத்தம்: 2018இல் பைக்கான் ஹைதராபாத் போனதும் பிரியாணிக் கோட்பாடு தலைதூக்கியது. மறு ஆண்டே அது படுத்துவிட்டது. சென்னை நந்தம்பாக்கத்தில் மாநாடு தொடங்கிய 2019 அக்டோபர் 12, புரட்டாசிச் சனிக்கிழமை.

3. ஆள் பொருத்தம்: தமிழ் இணைய மாநாடு 2009இல் கொலோனுக்கும் 2011இல் பிலடெல்பியாவுக்கும் போனது. இரண்டு ஊர்ப் பல்கலைக்கழகங்களிலும் தமிழ் கற்பித்தார்கள். அதாவது, மண்டபச் சாவியைக் கேட்டு வாங்க உள்ளூரில் ஆள் இருந்தது. இதிலிருந்து பெறப்படும் விதி: “ஹாலை நான் பாத்துக்கறேன்” என்று வாய்தவறிச் சொன்னவர் குடியிருக்கும் ஊரே மாநாட்டு ஊர். சாப்பாட்டுக் கூப்பன் முதல் புரொஜெக்டர் ஒயர்வரை அதன்பின் அவர் பாடு.

கள ஆய்வு: ஜோகுபாளையம் பெங்களூருவில் அல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவில் இருக்கிறது. மெட்ரோ பக்கம், தமிழ்ச் சங்கம் பக்கம், ஏரி பக்கம். ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனால் பதறாத பக்குவம் வேறெந்த வட்டாரத்துக்கு உண்டு? குறை ஒன்றே: சந்துக்குள் கார் திரும்பாது; சிறப்புரையாளர் ஆட்டோவில் வரவேண்டும்.

டீக்கடையில் நின்ற நான்கு நிரலாளர்களிடம், “நம்ம ஏரியாவுலயே நடத்தலாமா?” என்று கேட்டோம். நால்வரும் கைதூக்கினார்கள். “ஹாலை யார் பாக்கறது?” என்றதும் நால்வருக்கும் ஒரே நேரத்தில் மீட்டிங் வந்துவிட்டது. ஒருவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

முடிவு: ஜோகுபாளையத்துக்கு எல்லாப் பொருத்தமும் உண்டு, ஆள் மட்டும் அமையவில்லை. அமையக்கூடியவர் என்று யாரைப் பற்றியாவது சந்தேகம் இருந்தால், இக்கட்டுரையை அவர் கண்ணில் படாமல் வைக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.