வரையறுத்த பெருமக்களே, வாழ்க!

தென்சென்னைப் புறநகரின் நிலங்களுக்கெல்லாம் பெயர் சூட்டி வைத்த பெருமக்களுக்கு இதுவரை ஒரு பொன்னாடைகூடப் போர்த்தாதது நம் நன்றிகெட்டதனம். 2008-இல் ஒப்புதல் பெற்ற சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று துண்டு நிலம் விடாமல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புக்குத் தனிப் பகுதி. கடலோரத்தில் நிலத்தடி நீர் ஊறும் மணலுக்குத் தனிப் பகுதி. நாம் குடிக்கும் தண்ணீர் மீது அத்தனை அக்கறை! நம்மைக் குடிக்க வரும் தண்ணீருக்கு மட்டும் மண்டலம் இல்லை. அழையா விருந்தாளிக்கு இலை போடாத கண்டிப்பு இது, போற்றத்தான் வேண்டும்.

அதற்காக அவர்களுக்கு அளக்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் கட்டடத்தின் உயரமும் பக்கத்து வீட்டுக்கு விடவேண்டிய இடைவெளியும் மீட்டர் கணக்கில் இருக்கின்றன. 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும், முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்கள் மொட்டை மாடியில் நின்று படகுக்குக் கையசைத்தபோதும், அதற்கு முந்தைய விதிகள் விடச் சொன்ன இடைவெளிகள் இம்மியும் குறையவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே தண்ணீர் தாராளமாகப் போனது.

வெள்ளச் சமவெளியை வரையறுக்கச் சொல்லி மத்திய அரசு 1975-இலேயே ஒரு மாதிரிச் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பிவைத்தது. மணிப்பூர் பொறுமையில்லாமல் 1978-இல் சட்டமே போட்டுவிட்டது. அமெரிக்காவிலோ சிற்றூர்கூட, ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் எதுவரை ஏறும் என்ற கணக்கை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு, வீட்டின் தரைமட்டம் அதற்குக் கீழே போகக் கூடாது என்கிறது. வராத தண்ணீருக்கு அளவெடுக்கும் பயந்தாங்கொள்ளிகள்! நாம் அப்படியா? தண்ணீர் வந்து, நின்று, வடிந்து, சுவரில் கறை காய்ந்த பிறகும் கலங்காதவர்கள் அல்லவா?

நம் ஊரில் அந்த அளவெடுக்கும் வேலையை நிலத் தரகர்கள் செலவில்லாமல் செய்துதருகிறார்கள். மனை பார்க்க வருபவரின் முதல் கேள்வி, "2015-ல தண்ணி வந்துச்சாங்க?" என்பதுதான். "தெரு முனை வரைக்கும்தான் சார், உள்ள வரல" என்று அதற்குப் பதில் வரும். எந்த அரசிதழிலும் ஏறாத இந்த அளவுகோலில்தான் சதுர அடி விலை ஏறி இறங்குகிறது.

மனைக்கு நீர்வளத் துறை தரும் தடையில்லாச் சான்றின் நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். தாழ்வான மனை என்றால், இன்ன மட்டம் வரை மண் அடித்து மேடாக்கிக்கொள் என்று அதில் நிபந்தனை வரும். மேடாக்கியதும் அந்த சர்வே எண்ணில் வெள்ள அபாயம் தீர்ந்தது. தண்ணீர் அடுத்த சர்வே எண்ணுக்குப் போயிருக்கும்; அது வேறு கோப்பு.

பள்ளிக்கரணையை எண்ணினால் மெய்சிலிர்க்கிறது. தெற்கே உள்ள ஏரிகளின் உபரிநீரெல்லாம் வந்து தங்கும் சதுப்பு நிலத்தைத் 'தரிசு' என்று எழுதிவைத்தது ஒரு காலம். சும்மா கிடக்கும் இடம் என்று ஆனபின் குப்பை கொட்டினார்கள், சாலை போட்டார்கள், அடுக்குமாடி கட்டினார்கள். 2022-இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தபோது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் மிச்சமிருந்தது. அதையும் விட்டுவைத்த பெருந்தன்மைக்கு நன்றி! சதுப்பிலும், அதன் தாக்கப் பகுதி எது என்று முடிவாகும்வரை சுற்றிலும் 1 கிலோமீட்டருக்குள்ளும் கட்ட அனுமதி தராதீர்கள் என்று 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. அவசரக்காரர்கள்!

ஆற்றங்கரைக் குடிசை 'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு'. வெள்ளம் வந்தால் ஏழைகள் என்ன ஆவார்கள் என்ற கருணையோடு அவர்களை அங்கிருந்து எழுப்பி, பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் குடிவைத்தார்கள். அங்கேயும் மழைக்குத் தண்ணீர் சூழ்கிறது. ஆனால் அது ஆட்சேபணை இல்லாத தண்ணீர்.

இத்தனைக்கும் வெள்ளப் பகுதி எது என்று இவர்களுக்குத் தெரியாது என்பது அவதூறு. 2023-இல் மிக்ஜாம் புயல் ஓய்ந்ததும் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். யார் யாருக்கு என்ற கேள்வி எழுந்த சில நாள்களிலேயே தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் என்று வட்டம் வட்டமாகப் பட்டியல் வந்துவிட்டது. இப்போது மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டியலை எடுத்து இந்த வரைபடத்தின் மேல் வைத்துவிட வேண்டாம் என்று பெருமக்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அனுமதி கொடுக்கும்போதே வெள்ளப் பகுதி என்று தெரிந்துவிட்டால், அப்புறம் நிவாரணம் கொடுத்துப் புண்ணியம் தேட ஆள் கிடைக்காமல் போய்விடும்.